அவருடைய கட்டத்தில் ஒரு டம்ளர் பால்

2006, ஆடி மாதம். உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கத்தில் என் கணவர் வீட்டில் இருந்தேன். நடந்ததை வரிசை எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படிச் சொன்னால்தான் வரும்.

1. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதில் கணவரோடு இருந்தது இருபத்து நான்கு நாள். அவர் ஓர் உல்லாசக் கப்பலில் ஏசி மெக்கானிக்.

2. அவருடைய ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், ஊழியர் சலுகையில் எங்கள் இருவருக்கும் அதே கப்பலில் ஏழு நாள் பயணம் கிடைத்தது. நான் சிங்கப்பூர் போய் ஏற வேண்டும்.

3. சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. ஜூஸ், கூல்டிரிங்க்ஸ், பீர், ஒயின் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டால் ஏழு நாளும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அதற்கு டிரிங்க்ஸ் பேக்கேஜ் என்று பெயர்.

4. ஒரே அறையில் தங்குகிற இரண்டு பேரில் ஒருவர் மட்டும் அதை வாங்க முடியாது. வாங்கினால் இருவரும் வாங்க வேண்டும்.

5. அது நமக்குக் கட்டுபடியாகுமா என்று பார்த்துப் பத்து நாளைக்குள் சொல்லும்படி அவர் இமெயில் அனுப்பியிருந்தார்.

6. நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரி. அதில் போட்ட தகவல் தப்பு.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பொறுப்பில் இருந்தேன். அவர் அனுப்பிய விலைப் பட்டியலை வைத்துப் பார்த்ததில், ஒரு ஆள் தினம் ஏழு கிளாஸ் குடித்தால்தான் கட்டிய பணத்துக்கு ஈடாகும் என்று வந்தது. அடுத்த வேலை, நாங்கள் நிஜமாக எவ்வளவு குடிக்கிறோம் என்று கண்டுபிடிப்பது.

என்னை அளப்பது சுலபம். சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் நான் குடித்ததையெல்லாம் குறித்தேன். நேரம், என்ன, எவ்வளவு, இடம் என்று நான்கு பத்தி. லேப் பழக்கம். காலையில் காபி, பதினோரு மணிக்கு மோர், சாயங்காலம் டீ. கப்பலில் தண்ணீரும் காபியும் டீயும் இலவசம் என்பதால் அவற்றை அடித்தேன். மோர் அங்கே கிடைக்காது, அதையும் அடித்தேன். மிஞ்சியது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் குடித்த பன்னீர் சோடா மட்டும்.

அதற்குக் கீழே அவருக்கும் ஒரு கட்டம் போட்டேன். அங்கேதான் பேனா நின்றுவிட்டது. நாங்கள் சேர்ந்திருந்த இருபத்து நான்கு நாளும் தினம் ஒரு வீட்டில் விருந்து. புது மாப்பிள்ளையும் பெண்ணும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ரஸ்னா கொடுத்தால் ரஸ்னா, போர்ன்விட்டா கொடுத்தால் போர்ன்விட்டா. அவருக்கு எது பிடிக்கும் என்பதற்கு அதிலிருந்து ஒரு தகவலும் தேறவில்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அவனா? காபித் தண்ணி கூட நாக்குல வைக்க மாட்டாம்மா. ஒரு டம்ளர் பாலு குட்தா போதும், கம்முனு பூடுவான்" என்றார். பிறகு சந்தேகமாக என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு கேக்கற?" என்றார்.

இந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது, பையனுக்குப் பழக்கம் ஏதாவது உண்டா என்று அப்பா கேட்டார். அத்தை அன்றைக்கும் இதையேதான் சொன்னார். பையன் அப்போது கடலில் இருந்தார். வந்திருந்தது போட்டோதான்.

அவருடைய கட்டத்தில் 'பால் - 1' என்று எழுதினேன். வெளியூரில் தாகம் எடுக்கும் என்று 'லெமன் ஜூஸ் - 1' சேர்த்தேன். என் சோடாவைத் தினம் ஒன்று என்று தாராளமாக வைத்தாலும், இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று. தேவையோ பதினான்கு. 'பேக்கேஜ் வேண்டாம்' என்று கீழே எழுதிக் கோடு போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த அட்டவணையை டைப் செய்து அனுப்பினேன். மெயில் போக நேரம் பிடித்தது. "கப்பலுக்கா அனுப்பற? கடலு தாண்டிப் போவணும்ல, கொஞ்சம் லேட்டாவும். கம்முனு குந்தும்மா" என்றார் பாய்.

மூன்றாம் நாள் பதில் வந்திருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். நான்கைந்து வரிதான். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் இருப்பது தான் இல்லை, ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்த பையன். வேலை முடிந்ததும் தினம் இரண்டு பீர் குடிப்பதாகவும், அதை நேராகச் சொல்ல வராமல்தான் என்னைக் கணக்குப் போடச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி: இனிமேல் நீ வருவாயா?

பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். சாலவாக்கம் பஸ் இரண்டு போனது. ஏறவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே அத்தை வீட்டு வாசலில் வந்து நிற்பார். அத்தையிடம் சொல்லவே முடியாது. பழைய லேபில் யாரும் அவ்வளவு நெருக்கமில்லை. பட்டியல் அதோடு முடிந்துவிட்டது.

முதலில் அவர் மேல் கோபம் வந்தது. அப்புறம் அத்தை மேல். ஆனால் அத்தை பொய் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மீட்டரை இணைக்காமலேயே பக்கத்துப் பையனைப் பார்த்து ரீடிங் எழுதுகிற மாணவர்களின் நோட்டில் நான் சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பிக் கொடுப்பேன். பதினோரு மாதத்தில் என் கணவரிடம், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று நானும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லாரையும் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறேன், அவரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துறைமுகத்திலிருந்து போன் செய்வார், அந்த வாரமும் செய்தார். போன் கூடத்தில் இருந்தது. அத்தை பக்கத்திலேயே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துதா?" என்றார் அவர்.

"வந்துது."

"கோவமா கீறியா?"

"அத்தை இங்கதான் இருக்காங்க."

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது, ஆனால் அத்தை எதிரில் பீர் என்று சொல்ல முடியாது. "டீயெல்லாம் எங்க வச்சிக் குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. "ரூம்லதான். ஜன்னல் கெடையாது. கூட கீறவன் டூட்டிக்குப் பூடுவான். தனியா குந்திக்கினு குடிப்பேன்."

அத்தை கத்தியை வைத்துவிட்டு, "டீ குடிக்க ஆரம்பிச்சிட்டானா? ஏன், அங்க பாலு கெடைக்கலையாமா? கேளு" என்றார்.

கேட்டேன்.

"கெடைக்குதுன்னு சொல்லு" என்றார் அவர்.

நான் நின்ற இடத்திலிருந்து சமையலறைச் சுவர் தெரிந்தது. ஒட்டிய தாளை இன்னும் எடுக்கவில்லை. 'இடம்' என்ற பத்தியில், அந்த ஒரு சோடாவைத் தவிர, ஏழு நாளும் வரிக்கு வரி நானே எழுதியிருந்தேன்: சமையலறை, நின்றபடி. சமையலறை, நின்றபடி. சமையலறை, நின்றபடி. எழுதும்போது கிளாஸ் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்க்கவில்லை.

மறுநாள் பாய் கடையிலிருந்து இரண்டாவது மெயில் அனுப்பினேன். அதுவும் வரிசை எண் போட்டதுதான். ஒன்று, பேக்கேஜ் வேண்டாம். இரண்டு, உங்களுக்கு வேண்டிய இரண்டை அன்றன்றைக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, எனக்கு இது பிடிக்கவில்லை. நான்கு, என் எதிரில் உட்கார்ந்து குடியுங்கள். ஐந்து, வருகிறேன்.

போனேன். முதல் நாள் அவர் கிளாஸுக்கும் என் லெமன் சோடாவுக்கும் நடுவில் பேச்சே இல்லை. இரண்டாம் நாள், எனக்குக் காபியா டீயா எது பிடிக்கும் என்று கேட்டார். அவருக்கும் தெரியாதுதான். ஏழு நாளில் அவர் குடித்தது ஒன்பது. எண்ணச் சொன்னது அவர். பேக்கேஜ் வாங்கியிருந்தால் நஷ்டம்தான்.

இப்போதும் அவர் கப்பலில்தான் இருக்கிறார். குறைத்திருக்கிறார், விடவில்லை. எனக்கு இன்னும் அது பிடிக்கவில்லை, அவரிடம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது. என் கணவர் ஊருக்கு வரும் நாளில் அத்தை ஒரு டம்ளர் பால் எடுத்துவைக்கிறார், அவரும் மிச்சம் வைக்காமல் குடிக்கிறார். வீட்டுக்காக நான் எந்தப் பட்டியல் போட்டாலும், அவர் பெயருக்குக் கீழே இருக்கிற கட்டத்தை அவரே சொல்லும்வரை காலியாக விட்டுவிடுகிறேன்.