ஊதா மூடியும் என் மச்சானும்

கடலூர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசி ஒரு பெரும்போரை ஏறக்குறைய வென்றுவிட்டிருந்த வேளையில், சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. என் மனைவியின் அண்ணன் குணசேகரன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். மீனை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கள் சொந்தத்தில் அவரிடம் ரத்தம் கொடுக்காதவர் எவரும் இருக்க வாய்ப்பில்லை. சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்ததும் சம்மதம் கேட்டுக்கொண்டு ஊசியோடு வந்து நிற்பார். அவர் எடுத்த ரத்தத்தை ஒன்றாக ஊற்றியிருந்தால் வீராணம் ஏரி வழிந்திருக்கும். "மாப்ள, ஒவ்வொரு வெள்ளை செல்லும் ஒரு சிப்பாய். ஆனா தூங்குற சிப்பாய். மின்சாரம் ஏத்திக்கிட்டு கால்சியம் உள்ள போனாத்தான் எழுந்திரிப்பான், பெருத்துப் பெருகுவான், சண்டைக்குக் கெளம்புவான்" என்பார்.

என் மகளின் காதுகுத்தில் என்னிடமும் என் தம்பிகள் மூவரிடமும் எடுத்தார். சில நாள் கழித்து முகமெல்லாம் பூரிப்போடு வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, ஒங்க பரம்பரையே அதிசயம்! என்னா மருந்து ஊத்தினாலும் ஒங்க நாலு பேர் செல்லும் எழுந்துக்கவே மாட்டேங்குது."

"இதுக்கு ஆராய்ச்சி வேறயாண்ணே? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள் என் மனைவி.

செய்தி பரவி, காட்டுமன்னார்கோயில் வரை சொந்தக்காரர்களின் சிரிப்புக் கேட்டது. மச்சானுக்கோ அது விளையாட்டில்லை. கால்சியத்துக்கு மசியாத ஒரு குடும்பம்! இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானால், அவர் நெடுங்காலம் காத்திருந்த பேராசிரியர் பதவி உறுதி. எழுதி அனுப்பியும்விட்டார்.

வம்சத்தின் மானம் காக்க நான் சிதம்பரத்துக்கே படையெடுத்துக் கையை நீட்டினேன். "இன்னொரு தடவ எடுங்க மச்சான்." எடுத்தார். இம்முறை என் செல்கள் கொள்ளிடத்து வெள்ளம்போல் பொங்கி எழுந்தன. மச்சான் பழைய டியூப்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

காதுகுத்தன்று அவருடைய பச்சை மூடி டியூப்கள் தீர்ந்துபோயிருந்தன. பக்கத்து லேபில் ஊதா மூடி டியூப் வாங்கி எங்கள் நால்வருக்கும் பயன்படுத்தியிருந்தார். ரத்தம் உறையாமலிருக்கப் பச்சையில் இருக்கும் மருந்து கால்சியத்தைத் தொந்தரவு செய்யாது. ஊதாவில் இருப்பதோ எதிர் மின்னேற்றம் கொண்டது. நேர் மின்னேற்றம் கொண்ட கால்சியத்தை இறுகக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சிப்பாயை எழுப்ப வந்தவன் வாசலிலேயே கைதாகிவிட்டான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றே கட்டுரையைத் திரும்ப வாங்கினார். அதோடும் விடவில்லை. கடலூரில் அடுத்து நடந்த கல்யாண வரவேற்பில், பாடிக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கவனிங்க. எங்க மாப்ள செல்லு, அவுங்க தம்பிங்க செல்லு எல்லாமே அருமையான செல்லு. தப்பு நான் புடிச்ச டியூப்புல. சிரிச்சவங்க சிரிப்ப வாபஸ் வாங்கிக்கங்க!"

பேராசிரியர் ஆகாமலேயே ஓய்வு பெற்றார். அதைப் பற்றிக் கேட்டால், "செல்லு தூங்குதுன்னா செல்லத் திட்டக் கூடாது மாப்ள. எந்த டியூப்புல புடிச்சோம்னு மொதல்ல பாக்கணும்" என்பார்.

என்னிடம் அவர் விட்டுப்போனது 'எந்த டியூப்பு?' என்ற அந்தக் கேள்விதான். பேரன் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது, திட்ட வாயெடுக்கிறேன். அது குறுக்கே வந்து நிற்கிறது.

அன்று சிதம்பரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். குனிந்து, "என்னா மச்சான், ஒங்கள எந்த டியூப்புல புடிச்சாங்க?" என்றேன். அழுதுகொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். அவர் எழுந்துவிடுவாரோ என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தப்பென்று தெரிந்தால் அன்றே திருத்திவிடும் மனிதர், இதை மட்டும் திருத்தவில்லை.