பத்தாம் கிளாஸுக்கு இணையத்தில் பாடம் எழுதியவள் பட்ட பாடு

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் உலகமெங்கும் உண்டு. இணையக் களஞ்சியத்தில் மாணவர்களுக்குப் பாடம் எழுதுவது அப்படிப்பட்ட உத்தியோகம். உங்களில் யாராவது இதில் மாட்டிக்கொண்டு முழித்திருந்தால் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

விழுந்த விதம்

கேரளாவில், கரமனையில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதிது. நான் பகலில் ஆபீஸில் டைப் அடிக்கிறவள், படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். என்னோடு தினமும் பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா டீச்சர், சாலை என்கிற கடைத்தெருப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுக்கிறவள். அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறியிருந்தது. மலையாளப் புத்தகம் வந்துவிட்டது, தமிழ்ப் புத்தகம் வந்தபாடில்லை. எல்லை தாண்டி நாகர்கோவிலில் வாங்கலாமென்றால் அது தமிழ்நாட்டுப் பாடம், இங்கே உதவாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்று மாணவர்களுக்காக ஒரு தமிழ்க் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறதே என்று நான் வாய் விட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

அவள் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். பாஸானால் மேலே படிப்பு, இல்லையென்றால் துணிக்கடை என்று வீட்டில் தீர்மானமாகச் சொல்லியாகிவிட்டது. மற்ற பாடமெல்லாம் எப்படியும் தேறிவிடுவாள், சயன்ஸ்தான் பயம். "சேச்சி, மலையாளம் புக்கைப் பார்த்து நீங்க தமிழ்ல எழுதிப் போடுங்க. அந்தப் பிள்ளைக்கு வேற வழி ஒண்ணுமில்லை, கேட்டோ," என்றாள் ஸ்டெல்லா டீச்சர்.

சதுரங்கள்

முதல் பாடம் மின்சாரம். ஆபீஸ் விட்டு வந்து, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, விழுந்து விழுந்து எழுதி ஏற்றினேன். ஸ்டெல்லா டீச்சர் பிள்ளைகளிடம் விலாசம் எழுதிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அங்கே இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம் போட்டுப் பக்கம் பக்கமாகத் துப்பியிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் செல்வி அந்தக் கத்தையோடு பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், கையில் ஸ்கேல், பென்சில். குறை சொல்ல வரவில்லை, சந்தேகம் கேட்க வந்திருந்தாள். "மாமி, இந்தப் பெட்டியெல்லாம் நாங்களே எழுதி நிரப்பணுமா, இல்ல டீச்சர் சொல்லித் தருவாங்களா?" என்றாள்.

தீட்டு

சென்டர்காரரைத் தாஜா பண்ணித் தமிழ் எழுத்தைப் போட வைத்தாயிற்று. அடுத்த கஷ்டம் வீட்டில். அந்த நாளில் இன்டர்நெட்டும் டெலிபோனும் ஒரே கம்பி. நான் பாடம் ஏற்றும் நேரமெல்லாம் எங்கள் போன் என்கேஜ்டு. ஆபீஸ் லீவான ஒரு வெள்ளிக்கிழமை காலை மின்காந்தத்தில் மூழ்கிப் போயிருந்தேன். என் கணவர் குளித்துக் கோவிலுக்குப் போய்ப் பிரசாதத்தோடு திரும்பினார். பின்னாலேயே ஆட்டோவில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வந்து இறங்கினான். விடியற்காலையில் சித்தப்பா போய்விட்டாராம். காலையிலிருந்து போன் பண்ணிப் பண்ணி விரல் தேய்ந்ததுதான் மிச்சமாம்.

நான் மோடத்தை அணைத்தேன். என் கணவர் நெற்றியில் சந்தனத்தோடு என்னையே பார்த்தார். அதிர்ந்து பேசாத மனுஷர். "தீட்டோட கோவில்லே பிரதட்சிணம் பண்ணிட்டு வந்திருக்கேன்டி, உன் மின்காந்தத்தாலே," என்றார்.

ஆதாரம் தேவை

களஞ்சியத்தில் ஒரு வழக்கம். நீங்கள் எழுதிய வாக்கியத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், வாலில் 'ஆதாரம் தேவை' என்று அடைப்புக்குறிக்குள் ஒட்டிவிட்டுப் போவார்கள். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருந்த ஒரு புண்ணியவான் என் பாடம் முழுக்க அதை ஒட்டித் தள்ளினார். செம்பு மின்சாரத்தைக் கடத்தும், ஆதாரம் தேவை. ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது, ஆதாரம் தேவை. தொட்டுப் பார்த்தால் ஆதாரம் கிடைக்கும் என்று பதில் எழுதி, அழித்துவிட்டேன்.

அந்த வாரம் பள்ளியில் மாடல் பரீட்சை. பிள்ளைகள் பாடத்தை எழுத்துப் பிசகாமல் உருப்போட்டிருந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் விடைத்தாள் கட்டோடு பஸ்ஸில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, நாலைந்தை விரித்துக் காட்டினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் அடைப்புக்குறி, அதற்குள் ஆதாரம் தேவை. செல்வி அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "சேச்சி, நீங்க எழுதினா இதுகள் புள்ளி கூட விடாது. நான் மார்க் போடணுமா, இல்லை ஆதாரம் தேடணுமா?" என்றாள்.

இணைப்பு

மாடல் பரீட்சை முடிந்து படிப்பு லீவு தொடங்கியது. ஒரு சாயங்காலம் களஞ்சியத்தைத் திறந்தால் என் இயற்பியல் பாடங்கள் இருந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. ஒரே பொருளில் இரண்டு பக்கம் வேண்டாமென்று சென்னையிலிருந்த ஒரு நிர்வாகி, என்னுடையதைத் தமிழ்நாட்டுப் பாடத்தோடு இணைத்துவிட்டிருந்தார். நன்றாகத்தான் செய்திருந்தார், பொய் சொல்லக்கூடாது. அழகான படங்கள், சூத்திரங்கள், வரையறைகள். போனதுதான் எங்களுக்கு வேண்டியது. இங்கே புதுப் பாடத்திட்டத்தில் கேள்வியெல்லாம் வீட்டையும் அடுக்களையையும் வைத்துத்தான் வரும். ஃப்யூஸ் ஏன் எரிகிறது, எரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், தேய்ப்புப்பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும். அத்தனையையும் 'கலைக்களஞ்சிய நடை இல்லை' என்று வெட்டியிருந்தார்.

பழையபடி மாற்றினேன். அவர் திரும்ப இணைத்தார். நான் மறுபடி மாற்ற, அவர் பக்கத்தையே பூட்டிவிட்டார். பேச்சுப் பக்கத்தில் போய், பிள்ளைகளுக்குப் பரீட்சை ஐயா, அது முடிகிற வரைக்காவது விட்டு வையுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. "கேரளாவில் மலையாளம்தானே அம்மா? அங்கே தமிழில் யார் பரீட்சை எழுதப் போகிறார்கள்?"

பள்ளிக்கூட வாசல்

ஸ்டெல்லா டீச்சரிடம் ஓடினேன். அவள் சாலையில் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், இனிமேல் பிரின்ட் எடுக்காதீர்கள், பழைய தாளையே படியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். செல்வி வீடு பூட்டியிருந்தது. தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்றார்கள். அங்கே எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

பரீட்சையன்று காலையில்தான் ஸ்டெல்லா டீச்சர் அவளைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்திருக்கிறாள். செல்வி ஊருக்குப் போகுமுன், பழைய தாள் கசங்கிப் போயிற்றே என்று புதிதாக முழுப் பாடத்தையும் பிரின்ட் எடுத்து, நூல் கோத்துத் தைத்து வைத்திருக்கிறாள். மணியடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்ததாம். "புரட்டிப் பார்த்தேன் சேச்சி, முழுக்க அந்தச் சென்னைக்காரர் பாடம். முகம் நிறைய சிரிப்போட நிக்கற பிள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்ல? திருநீறு பூசிவிட்டு உள்ள அனுப்பிட்டேன்," என்றாள், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஸ்டெல்லா டீச்சர்.

துணிக்கடை

செல்வி எல்லாப் பாடத்திலும் தேறினாள், சயன்ஸ் தவிர. செப்டம்பரில் மறுபடி எழுதலாமே என்று ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய் மன்றாடிப் பார்த்தாள். அப்பா பிடி கொடுக்கவில்லை.

ஓணத்துக்கு ரவிக்கைத் துணி எடுக்கச் சாலைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் செல்வி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல் ஒற்றையாகியிருந்தது. என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் சென்னையையும் இணைப்பையும் பூட்டையும் அந்தப் பெண்ணிடம் எங்கேயிருந்து தொடங்குவது? அவளோ என்னைத் தேற்றுகிறாள். "நீங்க விஷமப்பட்டு அழாதீங்க மாமி. உங்க பாடத்துல இருந்தது அத்தனையும் எழுதிட்டேன். புதுப் பிரின்ட்ல ஃப்யூஸ் பத்தி நீங்க எழுதல்லியே, அதான் விட்டுட்டேன்."

அதே மாதம் களஞ்சியத்தின் முகப்பில் சிறந்த பாடமாக வைக்கப்பட்டது, இணைத்துப் பூட்டிய அந்த மின்சாரப் பாடம்தான் என்பதையும், முதலில் எழுதியவள் என்று எனக்கு வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொன்னேன் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த உத்தியோகத்தைப் பற்றி நான் சொல்ல வேறொன்றும் பாக்கியில்லை.