வாசலில் குளிர வேண்டும்

ரொட்டி தீர்ந்தாலும் லெனோர் அதன் பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் போடமாட்டாள். துகள்களை உதறிவிட்டு, கம்பளிக் காலுறைக்கு மேல் அதை மாட்டி, கணுக்காலில் ரப்பர் பட்டை போட்டு, அப்புறம்தான் பூட்ஸுக்குள் காலை நுழைப்பாள். கன்னத்திலும் மூக்கு நுனியிலும் வாஸ்லின் களிம்பு தடவிக்கொள்வாள். கனடாவின் வினிபெக் நகரத்தில், ஜனவரி மாதத்தில், அண்டை வீட்டுக்காரர்கள் கார் சூடாகட்டும் என்று காத்திருக்கும் வேளையில், கொட்டகையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள்.

சைக்கிள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். உள்ளே வந்தால் ஒட்டியிருக்கும் பனி உருகும்; மறுபடி வெளியே போனதும் அந்தத் தண்ணீரே பல்சக்கரத்தில் இறுகிக்கொண்டு உயிரை வாங்கும். "குளிர்ல கெடக்குறது குளிர்லயே கெடக்கட்டும்" என்பாள். பனியில் வழுக்காமலிருக்க டயர் முழுக்கக் குட்டி ஆணிகள். கைப்பிடிகளில், கையை நுழைத்துக்கொள்ள, தலையணை கணக்காக இரண்டு உறைகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவள், தன் கண்ணாடியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மிதிப்பாள். மூச்சு பட்டால் அது உறைந்துவிடும். எதிரே வருகிறவர்களுக்குக் குத்துமதிப்பாகத் தலையாட்டி வைப்பாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. "வாசல்ல குளிரணும். வாசல்லயே சூடா இருந்தா, பாலம் ஏறுறதுக்குள்ள வேர்த்து நனைஞ்சிருவே. நனைஞ்சவன் நின்னா வெறைச்சுப் போவான்." பனியில் சைக்கிள் மிதிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், அவளுக்கு மட்டும் அது வேதவாக்கு. அவள் கணவன் வெர்ன், பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவன், தினமும் அவளோடு சைக்கிளில் கிளம்புமுன் வாசலில் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவள் அவனுடைய ஜாக்கெட் ஜிப்பை இரண்டு விரற்கடை கீழே இழுத்துவிடுவாள். கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து வந்த பழக்கம். பார்க்கிறவர்களுக்கு அதட்டல், அவர்களுக்குக் கொஞ்சல்.

போன குளிர்காலத்தில் வெர்ன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தான். லெனோர் சும்மா விடுவாளா? சர்ச்சில் காப்பி குடிக்கும்போது நாலு பேர் கேட்க, "எங்க வீட்டுக்காரருக்குத் திடீர்னு ஃப்ளோரிடா வெயில் ரத்தம் ஊறிருச்சு" என்று வாரினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். காலையில் அந்த இரண்டாவது ஸ்வெட்டரை அவளே கழற்றி ஆணியில் மாட்டினாள். ஜிப்பையும் இறக்கிவிட்டாள்.

ஒருநாள் பாலத்தடியில் அவன் காலை ஊன்றி நின்றுவிட்டான்.

"லென், எனக்கு உள்ளுக்குள்ள குளிருது."

"மிதி. மிதிச்சா சூடாகும்."

மிதித்தான். சொன்னால் கேட்கிற மனுஷன். மார்ச் மாதத்தில், அதே பாலத்தில், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்தான். குடலில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் கசிந்து கசிந்து, உடம்பில் சூட்டுக்கே வழியில்லாமல் போயிருந்தது. எவ்வளவு நாளாகக் குளிர்கிறது என்று டாக்டர் கேட்டது அவனுக்கு நினைவில்லை, அவளுக்கு மறக்கவில்லை. "குளிர்காலம்தானே டாக்டர்" என்று அவள் சொன்ன பதிலும் மறக்கவில்லை. அறுத்து எடுத்தார்கள். எடுத்தும் மிச்சம் இருந்தது. இனி அடுத்த பனியை அவன் பார்ப்பது சந்தேகம் என்று இப்போது சொல்லிவிட்டார்கள்.

அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளைத் தின்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படியாவது ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் வார்த்தையைக் கோத்து வைப்பாள். காலையில் அவன் முகத்தைப் பார்த்ததும் காலுறைக்கு மேல் பையை மாட்டக் குனிந்துகொள்வாள். உலகத்துக்கே வாய் கொடுக்கிறவளுக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

கடையில் கூட வேலை செய்யும் மரிசெல் இந்த வருஷம்தான் பனியில் சைக்கிள் விட ஆரம்பித்தாள். மூட்டை மாதிரி சுற்றிக்கொண்டு வந்து நின்று, இத்தனை போடலாமா என்று லெனோரிடம் கேட்டாள். முன்பானால் லெனோர் அங்கேயே பாதியை உரித்திருப்பாள். "குளிருதுன்னா போட்டுக்கோம்மா" என்றதோடு லென்ஸைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். மரிசெல் அன்று வேர்த்து நனைந்துதான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வெர்ன் இப்போது கனமான கோட்டுக்குள் ஒரு பிடியாகிவிட்டான். ஆனாலும் அவளை வழியனுப்ப வாசலுக்கு வராமல் இருப்பதில்லை.

"சூடா இருக்கா?" என்பான்.

"இல்ல. குளிருது."

"அப்ப சரி, கெளம்பு."

நேற்றுக் காலையும் இதே பேச்சுதான். அவள் கையுறைகளை மாட்டி முடித்திருந்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி நின்று, பழையபடி மோவாயைத் தூக்கினான்.

"என்ன பாக்குறே? எறக்கி விடு."

லெனோர் வலது கையுறையைக் கழற்றினாள். அந்தக் குளிரில் வெறுங்கையை யாரும் வெளியே நீட்டமாட்டார்கள். அவன் ஜிப்பைப் பிடித்து, கழுத்துத் தோல் மாட்டிவிடாமல் இன்னொரு விரலை உள்ளே கொடுத்து, மெல்ல மெல்ல மோவாய் வரை ஏற்றிவிட்டாள்.