இடது கைக் காப்பு

தாராவியில் வளையல் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போர்டில் ஃபேன்சி ஸ்டோர் என்று இருக்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் நான்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. அளவு

வளையல்காரன் மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது, விரல் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். வளையல் ஏறும்போது தடுப்பதும் அவைதான், ஏறியபின் விழாமல் காப்பதும் அவைதான். நான் தொடாமலே ‘ரெண்டு நாலு’, ‘ரெண்டு ஆறு’ என்று அளவு சொல்லிவிடுவேன். ரயிலில் கம்பி பிடித்து நின்ற ஒரு பெண்மணிக்கு வாய்விட்டே அளவு சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறேன்.

தாத்தா ஆகவேண்டிய வயதில் அப்பா ஆனேன். மகள் மீனா பிறந்ததும் நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினார். வலது கை சரியாக இருந்தது. இடது உள்ளங்கை சிறியது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பட்டாணி பட்டாணியாக மொட்டுகள். பிறவியிலேயே அப்படி, மற்றபடி நல்ல ஆரோக்கியம் என்றார் டாக்டர்.

“என்ன அப்படி பாக்கீய?” என்று என் மனைவி செல்வி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“அளவு தெரியலன்னு சொல்லுங்க.”

உண்மைதான். தெரியவில்லை.

2. ஒற்றைக் காப்பு

கடைக்கு வந்தவர்கள் வளையலோடு காரணமும் தேடினார்கள். “கிரகணத்தப்ப அரிவாள்மணையில கைய வச்சாளோ?” என்று ஒரு அக்கா கேட்டார்.

“கிரகணம் வந்ததே தெரியாதுக்கா. இந்தச் சந்துல சூரியனே தெரியாதே” என்றேன். சிரித்துவிட்டு ஒரு டஜன் வாங்கிப் போனார். செல்வி சிரிக்கவில்லை. ஆள் வந்தால் மீனாவின் இடது சட்டைக் கையை நான் கீழே இழுத்துவிடுவேன். செல்வி வந்து மடித்துவிடுவாள். நாள் முழுக்க இதே வேலை.

முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் காப்பு போட வேண்டும். செல்வியின் தம்பி கணேசன் செம்பூரிலிருந்து டப்பாவோடு வந்தான். உள்ளே ஒரே ஒரு வெள்ளிக் காப்பு.

“வலது கைக்குப் போதும்லாக்கா. மத்தது நிக்காது. நாலு பேரு முன்னால விழுந்தா நல்லாவா இருக்கும்?”

பாசத்தில்தான் சொன்னான். தொழில்படியும் சரி. நான் தலையாட்டிவிட்டேன்.

செல்வி டப்பாவை மூடினாள். “எம் பிள்ளைக்கு ரெண்டு கை. ரெண்டு காப்பு கொண்டா. இல்லன்னா நீ வரவே வேண்டாம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க வளையக்காரருதான? நிக்க வைங்க.”

3. என் ஆராய்ச்சி

எலாஸ்டிக் வைத்து ஒன்று செய்தேன். மீனா அதை உருவி என் டீயில் போட்டாள். வெல்க்ரோ ஒட்டினேன். அந்த ‘சர்ர்’ சத்தம் பிடித்துப்போய், மத்தியானம் முழுக்கப் பல்லால் பிரித்துப் பிரித்து விளையாடினாள். கடைசியில் திருகாணி வைத்த காப்பைப் போட்டு, நெருக்கித் திருகினேன். நின்றது. வீல் என்று அழுதாள். கழற்றினால் தோலில் சிவப்பாக ஒரு வளையம்.

“நிக்க வைங்கன்னா விலங்கு மாட்டச் சொன்னனா?” என்றாள் செல்வி. மீனாவின் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே, “விழுந்தா விழட்டும். போடணும். அம்புட்டுதான்” என்றாள்.

4. விழுந்தது

பிறந்தநாளன்று கணேசன் இரண்டு காப்போடு வந்தான். வலது கையில் ஒன்று போட்டான். இடது கையில் மற்றதைப் போட்டு முடிப்பதற்குள் மீனா கையை உதறினாள். காப்பு டைல்ஸ் தரையில் சுழன்று, வேண்டிய மட்டும் சத்தம் போட்டு அடங்கியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். நான் எடுக்கக் குனிந்தேன்.

“இருங்க” என்றாள் செல்வி.

மீனா மடியிலிருந்து நழுவித் தவழ்ந்து போனாள். வலது கையால் காப்பை நிமிர்த்தி, அதற்குள் இடது கையை நுழைத்து, மேலே தூக்கினாள். காப்பு முழங்கை வரை ஓடியது. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கையை இறக்கினாள். விழுந்தது. மறுபடி நுழைத்தாள்.

“அத்தான், நீங்க சோப்பு போட்டுல்லா ஏத்துவிய? இவ சும்மாவே ஏத்திட்டாளே” என்றான் கணேசன். முதலில் சிரித்தது செல்விதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கையைப் பார்த்து அளவு சொல்லுங்கள். எந்தக் கைக்கு வேண்டும், எந்தக் கைக்கு வேண்டாம் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

மீனாவுக்கு இப்போது மூன்று வயது. கடையில் என் ஸ்டூலில் அவள் உட்காருகிறாள். நான் வழக்கம்போல வெளியே. போன வாரம் ஒரு அம்மா, “காப்பு விழுந்துக்கிட்டே இருக்கே பாப்பா, கழட்டி வச்சிரேன்” என்றார்.

“விழும். நான் எடுத்துக்கிடுவேன்” என்றாள் மீனா. பிறகு அந்த அம்மாவின் கையை உற்றுப் பார்த்து, “ரெண்டு எட்டு” என்றாள்.

உண்மையில் ரெண்டு ஆறுதான், ஒரு அளவு கூட்டிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் திருத்தவில்லை.