பிரமோஷன் என்று நினைத்த சொல்

ஹாங்காங்கில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது முதலாளியின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கான்டனீஸில் "ஃபாட் ஃபுக்" என்று சொல்லிப் புன்னகைத்தார். 'ஃபாட்' அவர்களுடைய புத்தாண்டு வாழ்த்தில் வரும், பெருகுவது என்று அர்த்தம். 'ஃபுக்' என்றால் பாக்கியம். சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். அப்போது மேனேஜர் இடம் வேறு காலியாக இருந்தது. எனக்கு வேறென்ன தோன்றும்?

அன்றைக்கே ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் தாயார் சன்னதியில் அர்ச்சனை செய்துவிட்டு, மன்னார்புரத்தில் இருக்கும் என் அக்காவுக்குச் சொன்னாள். அக்கா தன் மாமியாரிடம் சொல்ல, அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

லீவில் கிளம்புவதற்கு முதல் நாள், ஆபீஸில் என் பக்கத்து மேஜைப் பெண்ணிடம், "மேனேஜர் விஷயத்தை எப்போது அறிவிப்பார்கள்?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. முதலாளியம்மா சொன்னதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குண்டாகிவிட்டாய் என்பதை அவர்கள் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்களாம்.

திருச்சி ஏர்போர்ட்டில் மனைவி மாலையோடு நின்றாள். தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பேன்ட் எடுக்க மலைக்கோட்டை கடைவீதிக்குப் போனோம். கடைக்காரர் இடுப்பை அளந்துவிட்டு, "சார் கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டீங்க. அடுத்த சைஸ் பாத்துரலாங்க" என்றார்.

"மேனேஜராச்சே, இருக்கட்டுங்க" என்றாள் மனைவி பெருமையாக.

அதற்கு மேல் தாங்கவில்லை. "இவர் சொன்னதைத்தான் முதலாளியம்மாவும் சொல்லியிருக்காங்க. பிரமோஷன்லாம் இல்ல" என்றேன்.

அவள் கையிலிருந்த பேன்ட்டை மடித்து வைத்தாள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேங்க. அக்கா வீட்லயாவது நீங்களே சொல்லிடுங்க."

அக்கா வீட்டில் விருந்து. இலை போட்டு உட்கார்ந்ததும் அக்காவின் மாமியார், "இனிமே உங்களுக்குக் கீழ எத்தனை பேரு தம்பி?" என்றார்.

நடந்ததை வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முடித்தபோது நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சட்டென்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"அதனால என்ன தம்பி, உடம்பு தேறியிருக்குல்ல" என்று சொல்லி, மாமியார் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டார். நான் தலை நிமிரவில்லை.