இரண்டு நிறுத்தம் வரை நான் பேசவில்லை

2011, மழைக்காலம். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கடலூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று காலை ஆலப்பாக்கத்தில், கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டுக்காரர் ஒருவர் தள்ளாடியபடி ஏறி, எனக்கு முன் சீட்டில் சரிந்தார். இமைகள் பாதி மூடியிருந்தன. வாயோரம் எச்சில். “சாம்ப்... சாம்ப்...” என்று குழறினார்.

“சாம்பார் கேக்குறாரு!” என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. “காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்” என்று முகம் சுளித்தார் கண்டக்டர்.

இந்தியில் சாம்ப் என்றால் பாம்பு. அப்பாவின் ரயில்வே வேலையால் பத்தாவது வரை நாக்பூரில் படித்தவள் நான். இங்கே வந்து சேர்ந்த பள்ளியில் ‘சேட்டு வூட்டுப் பொண்ணு’ என்று கேலி செய்ததில், இந்தி தெரியும் என்பதையே மறைத்துப் பழகியிருந்தேன். ஒருவேளை குடித்துவிட்டுத்தான் உளறுகிறாரோ? நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும்? எழுவதும் உட்காருவதுமாக இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

மூன்றாவது நிறுத்தத்தில் விசில் கொடுத்துவிட்டு, இறக்கிவிடுவதற்காகக் கண்டக்டர் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். தலை அப்படியே தொங்கியது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“இறக்காதீங்கண்ணே! பாம்பு கடிச்சிருக்குன்னு சொல்றாரு!”

குனிந்து இந்தியில் கேட்டேன். செங்கல் எடுக்கும்போது கையில் கடித்ததாம். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். மூச்சு முட்டுகிறதாம்.

கண்டக்டர் டிரைவரிடம் ஓடினார். “மாமா, எங்கயும் நிறுத்தாத. நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு!” பிறகு என்னிடம் திரும்பி, “ஏம்மா, இந்தி தெரிஞ்சுக்கினேவா இவ்ளோ நேரம் சும்மா குந்தியிருந்த?” என்றார். தொங்கிய அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதையெல்லாம் அவரிடம் இந்தியில் கேட்டுச் சொன்னேன். ஊசி மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்மா” என்றார் டாக்டர். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. வராந்தாவில் ஓரிடத்தில் உட்காரவும் முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் போனபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஊருக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். அவர் மனைவி அழுதுகொண்டே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

தெரிந்த மொழி எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றும் கூட்டத்தில் எங்காவது இந்திக் குரல் தடுமாறினால், யார் சிரித்தாலும் நான் எழுந்துபோய் என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டுவிடுகிறேன்.