அத்தான் சொன்ன ‘சரி’

என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார். சொன்னதோடு சரி. சமையலறைக் குழாயை மாற்றுவதாக நான்கு மாதமாக அக்காவிடம் சரி சொல்லிக்கொண்டிருக்கிறார்; அடியில் வைத்த வாளி இன்னும் அங்கேயே இருக்கிறது. நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போய்விடலாம், அதற்கும் வழியில்லை.

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் கணினிகள் இந்த மனிதரின் பொறுப்பில்தான் இருக்கின்றன. பதினோராயிரம் புத்தகங்களின் விவரங்களை நான் ஒருத்தியாக இரண்டு வருடம் உட்கார்ந்து தட்டி ஏற்றியிருந்தேன். அப்போது வந்த கழுத்துவலி இன்னும் போகவில்லை. வாராவாரம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள் என்று அத்தானிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தேன். “சரிம்மா” என்றார்.

போன திங்கட்கிழமை காலை புது நூலக மென்பொருளை, அந்த விவரங்கள் இருந்த லினக்ஸ் கணினியிலேயே நிறுவ உட்கார்ந்தார். செய்முறைக் குறிப்பு இருபது பக்கம். அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டார். வேறு ஏதோ ஒரு மென்பொருள் இருந்தால்தான் நகருவேன் என்றது கணினி. அதை ஏற்றினார். அனுமதி இல்லை என்றது. அதைக் கொடுத்தால், விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் ஓடவே இல்லை என்றது. ஒவ்வொரு முறையும் அத்தான் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் திரை ஏழெட்டுக் கேள்வி கேட்டது. அவர் எதையும் படிக்கவில்லை. ஆமாம் என்பதற்கான ‘ஒய்’ எழுத்தைத் தட்டினார், என்டரைத் தட்டினார், டீயைக் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன கேக்குதுன்னு ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன் அத்தான்.”

“சரிம்மா” என்றபடியே இன்னொரு ஒய் தட்டினார்.

நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது புது மென்பொருள் பளிச்சென்று திறந்திருந்தது. அத்தான் முகத்தில் அப்படியொரு பெருமை. முதல் காரியமாகப் புத்தகங்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். பூஜ்யம்.

பதறிப்போய் அவர் தட்டிய திரையைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். நாலாவது முயற்சியின் நடுவில் அந்தக் கேள்வி இருந்தது: ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கவா?’ பக்கத்தில் அத்தானின் ஒய்.

“பென் டிரைவ் எங்க?”

பையின் அடியில் துழாவி எடுத்தார். கடையில் வாங்கிய உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவரைத் திட்ட வாய் வராமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“உன் வீட்டுக்காரர் என்னோட ரெண்டு வருஷ வேலையை ஒரே தட்டுல அழிச்சுட்டாரு!”

“ஒரு நாளைக்கே இந்தக் குதி குதிக்கிறியே, நான் பதினஞ்சு வருஷமா குப்பை கொட்டுறேன்! உங்க லைப்ரரி பெட்டிங்களை எப்பத்தான் எடுப்பாருன்னு கேளு. கட்டிலுக்கு அடியில பெருக்கக்கூட முடியல.”

“எந்தப் பெட்டி?”

“அட்டை அட்டையா புத்தகத்துப் பேரு எழுதி வச்சிருக்கே, அதுதான். எட்டுப் பெட்டி!”

பழைய கையெழுத்து அட்டைகள். கணினியில்தான் ஏற்றியாயிற்றே என்று, மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னேன். அத்தான் சரி சொன்னார், தூக்கிக்கொண்டும் போனார். கடைவரை போகவில்லை.

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுக் கெடுத்தார், இன்னொரு வேலையைச் செய்யாமல் விட்டுக் காப்பாற்றினார். இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எப்படியானாலும் பதினோராயிரத்தையும் மறுபடி தட்டியாக வேண்டும். கழுத்து இப்போதே வலித்தது.

மறுநாள் எட்டுப் பெட்டிகளும் நூலகத்தின் பின்னறைக்கு வந்தன. நாலை என் மேசையிலும் நாலை அவர் மேசையிலும் வைத்தேன்.

“பாதி நீங்க தட்டணும் அத்தான்.”

“சரிம்மா.”

எழுந்துபோய் அறைக்கதவைப் பூட்டி, சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.